பொன்சாமி வைரவர்

என்னுடைய அறைக்குள் நான் போகவிடாமல் என் தாயே வாசலில் குறுக்கே நின்றார்.

"துடக்கோடை உள்ளுக்கை போகாதை, பிள்ளை. சாமி இருக்குது."

என் கட்டில் கிடந்த இடத்தில் குத்துவிளக்கு எரிந்தது. அதற்குப் பின்னால் என் புத்தகங்களும், மறுநாள் திருத்திக் கொடுக்கவேண்டிய பிள்ளைகளின் கொப்பிகளும் கிடந்தன. கொப்பிகளையாவது எடுத்துத் தரச் சொன்னேன். அம்மா எடுத்து வந்து, என் கையில் படாமல் நிலத்தில் வைத்தார். மாதவிலக்கு நாட்களில் அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் கோயிலுக்கும் போகக்கூடாது என்பது எங்கள் ஊரில் பெண்ணாகப் பிறந்த எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. படுத்துப் படிக்கிற அறையே கோயிலாகி, அதிலிருந்தும் துரத்தப்பட்டவள் நான் ஒருத்திதான்.

அந்தச் சாமியை வளர்த்தவளும் நான்தான். அது ஒரு சாண் உயரமுள்ள ஆலமரம்.

என் அப்பு சுன்னாகத்துக்குப் பக்கத்தில் புகையிலைத் தோட்டம் செய்தவர். கையெழுத்து வைக்கத் தெரியாது, பெருவிரல் வைப்பார். அவருடைய மகள் ஞானாம்பிகை, அதாவது நான், கொழும்பில் தங்கிப் படித்துத் தாவரவியலில் லண்டன் பட்டம் எடுத்தேன். அதைப் பார்க்க அப்பு இருக்கவில்லை. முப்பத்தேழாம் ஆண்டு ஊருக்குத் திரும்பி, பட்டினத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கத் தொடங்கியபோது நான் அம்மாவிடம் கேட்டது ஒன்றே ஒன்று: கதவும் யன்னலும் உள்ள ஓர் அறை. எங்கள் வீட்டில் அப்படி இருந்ததே ஒன்றுதான். அம்மா தந்தார். கதவைச் சாத்திக்கொண்டு இருக்க இடம் கிடைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்த இடம் இல்லாதவர்களுக்குத்தான் தெரியும்.

கொழும்பில் எங்கள் பேராசிரியரின் மேசையில் யப்பானிலிருந்து வந்த ஒரு பைன் மரம் இருந்தது. என்னிலும் வயது கூட. ஆனால் என் முழங்கை அளவு உயரந்தான். "இதன் பெயர் பொன்சாய். தட்டில் வளர்ப்பது என்று அர்த்தம்" என்றார். யப்பான்காரனின் பைனுக்கு நான் எங்கே போவது? எங்கள் மரத்தில் செய்து பார்க்கலாம் என்று நினைத்தேன்.

முதலில் ஒரு புளியங்கன்றைச் செம்மண்ணில் வைத்தேன். வலிகாமத்துச் செம்மண் தோட்டத்தில் பொன். தட்டைச் சட்டிக்குள் ஈரமாகக் கிடந்தால் சீமெந்து. வேர் மூச்சுவிட வழியில்லாமல் கன்று செத்தது. "சாப்பாடு குடாமல் வளர்த்தால் சாகாமல் என்ன செய்யும்?" என்றார் அம்மா. புகையிலைக்குச் செய்வதுபோல எருவும் குழையும் அள்ளிப் போடாதது அவருக்குப் பெரிய பாவமாகப்பட்டது.

இரண்டாவதாகத்தான் இந்த ஆல். எங்கள் கிணற்றுக்கட்டின் வெடிப்பில் முளைத்தது. கிணறு கலக்கி இறைக்கும்போதெல்லாம் அப்பு அதைக் கத்தியால் தறித்துவிடுவார். அது திரும்பவும் துளிர்க்கும். வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டு அடி என் மணிக்கட்டைவிடத் தடித்திருந்தது. அலவாங்கால் கல்லை நெம்பி முழுசாக எடுத்தேன். ஆணிவேரைத் தறித்தேன். தட்டையான ஓட்டைச் சட்டி ஒன்று வனைந்து தரும்படி சட்டி பானை செய்கிறவரிடம் கேட்டபோது அவர் சிரித்தார்: "ஓட்டையெண்டு திருப்பிக் கொண்டு வாற சனத்தைத்தான் கண்டிருக்கிறன். ஓட்டை வேணுமெண்டு வந்தது பிள்ளைதான்." சட்டியின் அடியில் உடைந்த ஓட்டுத்துண்டு, அதன்மேல் இடித்துச் சலித்த ஓட்டுக்குறுணி, மக்கிய இலை, ஒரு பிடி செம்மண். இந்த முறை தண்ணீர் நில்லாமல் ஓடியது.

வீட்டுக்குள் வளர்ப்பதென்றால் இருட்டுக்குள் வளர்ப்பதல்ல. கிழக்கு யன்னற்படியில் காலை வெயில் படும்படி வைத்தேன். மரம் வெளிச்சத்தின் பக்கம் சாயாமலிருக்க இடையிடையே சட்டியைத் திருப்பினேன். விரல் வைத்துப் பார்த்து, மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். நுனியைக் கிள்ளக் கிள்ளப் பக்கக் கிளை வந்தது. வந்த இலைகள் சிறுத்தன. கிளைக்குச் செப்புக் கம்பி சுற்றி வளைத்தேன். இந்த வேலையெல்லாம் செய்வது துடக்கு நாட்களில்தான். அந்த நாட்களில் அம்மா சோற்றுத் தட்டை என் அறை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார், ஒரு வேலைக்கும் கூப்பிடமாட்டார். தீண்டாதே என்று ஒதுக்கினார்கள். ஓய்வு கிடைத்தது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

"வீட்டுக்குள்ளை ஆல் முளைச்சால் குடி பாழ்" என்று அம்மா ஆரம்பத்தில் முணுமுணுத்தார். பிறகு விட்டுவிட்டார்.

அம்மாவின் தமையன் கனகசபாபதி எங்களுக்கு அடுத்த வளவு. எனக்கு அம்மான் முறை. வேலி வழக்கு இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அந்த நாளில் மற்றப் பக்கத்து அயலவர் பரமலிங்கத்தோடு வழக்கு. எல்லை வேலியில் நட்ட ஒரு கதியால் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதுதான் தகராறு. தீர்ப்பு நாள் விடியற்காலை மல்லாகம் கோட்டுக்குப் போக வெளிக்கிட்டவர், அம்மாவிடம் சொல்லிக்கொண்டு போக வந்தார். நான் துடக்கோடு அறைக்குள் இருந்து, ஆலைக் கையில் வைத்து நுனி கிள்ளிக்கொண்டிருந்தேன். அவர் யன்னலுக்கு வெளியே நின்றார்.

"உதென்ன பிள்ளை?"

"பொன்சாய்."

"ஆர்?"

"பொன்சாய், அம்மான். யப்பான்காரர் வளர்க்கிறது…"

அவர் மிச்சத்தைக் கேட்கவில்லை. தடித்த அடியையும் வயோதிபம் பிடித்த பட்டையையும் உற்றுப் பார்த்தார். சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"பொன்சாமி! இண்டைக்கு உந்தப் பரமலிங்கத்தின்ரை கொட்டத்தை அடக்கித் தந்தியெண்டால் உனக்கு வடைமாலை."

என்னைப் பகிடி பண்ணுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அந்த மனிசர் பகிடி விடுகிற ஆள் இல்லை என்பது அப்போது எனக்கு நினைவு வரவில்லை.

வழக்கு வென்றார். பள்ளிக்கூடம் முடிந்து பின்னேர ரயிலில் நான் வந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்தபோது என் அறையில் கற்பூரம் மணத்தது. சட்டிக்குள் ஓர் இரும்புச் சூலம். பெருவேரைப் பிளந்துகொண்டு இறங்கியிருந்தது. மரத்தில் வடைமாலை. ஒரு சாண் மரத்தில் ஒரு முழத்து வடைமாலை! ஆறு மாதமாகக் கம்பி சுற்றி வளைத்த கிளை முறிந்து தொங்கியது. எறும்பு வரிசை கட்டி ஏறியது.

"ஆரைக் கேட்டு என்ரை அறைக்குள்ளை வந்தனீங்கள்?"

"சாமியைப் பாக்க ஆரைக் கேக்கவேணும்?"

"அது சாமியில்லை, அம்மான். பொன்சாய். சாய்! சாமியில்லை!"

"சாயோ சாமியோ, வழக்கு வெண்டது வெண்டதுதான்."

"வெண்டது உங்கடை பிரக்கிராசி."

"அவனோ? அவன் பிடிச்ச வழக்கெல்லாம் தோத்த ஆள். இண்டைக்கு மாத்திரம் எப்பிடி வெண்டவன்? அதைச் சொல்லு, படிச்சனிதானே."

நான் வடைமாலையைக் கழற்றி எறும்பைத் தட்டினேன்.

சூலம் நட்ட இடத்தில் வைரவர் இருக்கிறார். எங்கள் ஊருக்கு வேறு அத்தாட்சி வேண்டாம். அடுத்த வெள்ளிக்கிழமை பொன்சாமி வைரவரைப் பார்க்க எங்கள் படலை வாசலில் பெண்கள் கூடினார்கள். கலியாணம் பேசப்படாதவள், பிள்ளை இல்லாதவள், பசு கன்று போடாதவள். தோற்ற பரமலிங்கத்தின் மனைவி கமலாவதிகூட வந்தா. "அப்பீல் எடுக்கப் போறம். சாமி ஒரு பக்கந்தான் பாக்குமோ?" என்று சிரித்துக்கொண்டே கற்பூரம் கொளுத்தினா. வந்தவர்கள் எல்லாரும் சட்டிக்குள் பால் ஊற்றினார்கள். என் கட்டில் அடுக்களைக்கு வெளியே சாய்ப்பாக இறக்கிய பத்திக்குப் போயிற்று. புகைக்குள் படுத்து, புகைக்குள் கொப்பி திருத்தினேன். சூலத்தை இரண்டு தரம் பிடுங்கினேன். இரண்டு தரமும் அம்மாவே திரும்ப நட்டார்.

"அம்மா, உங்களுக்கு விசரே? கிணத்துக்கட்டிலை முளைச்சதை நான் அலவாங்காலை கிண்டி எடுத்தது நீங்கள் பாத்தனீங்கள்தானே?"

"பாத்தனான்."

"பிறகென்ன சாமி?"

அம்மா விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டு, என் முகத்தைப் பாராமல் சொன்னார்: "கொப்பர் செத்த நாள் தொட்டு ஒருத்தரும் என்னை நல்ல காரியத்துக்குக் கூப்பிடுறேல்லை. பொங்கலுக்கும் கலியாணத்துக்கும் தாலியறுத்தவள் முன்னுக்கு வரக்கூடாதாம். இப்ப அதே சனம் என்ரை வாசல்லை வந்து, தங்கமுத்தக்கா, விபூதி தாங்கோ எண்டு கை நீட்டுது. உனக்கு அது விளங்காது."

விளங்கியது. விளங்கியதால் ஆத்திரம் இரட்டித்தது. அம்மாவை ஒதுக்கிய அதே சட்டத்தால் என்னையும் அம்மா ஒதுக்குகிறார். அதைச் சொன்னேன். அவர் விளக்குக்கு எண்ணெய் விட்டார்.

இதற்குப் பிறகுதான் துடக்கென்று வாசலை மறித்த கதை. அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் மக்டலீனிடம் சொல்லிக் குமுறினேன். அவ அங்கே சங்கீதம் படிப்பிப்பவ, கரையூர்க்காரி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா.

"அப்ப இவ்வளவு காலமும் உம்மடை சாமிக்கு மூக்கடைச்சுக் கிடந்ததோ? நீர் துடக்கோடை மடியிலை வைச்சுத் தடவி வளர்க்கேக்கை தெரியேல்லையாமே?"

"சிரியாதையும்."

"நான் சிரிக்காமல் விட்டால் உம்மடை அறை திரும்பி வருமோ?"

வராது. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது. இரண்டு கிழமை கழித்து அம்மான் வந்து, உரிமைக்காரர் போலக் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"தங்கமுத்து, சாமியை அறைக்குள்ளை அடைச்சு வைக்கிறது பிழை. உன்ரை முன்வளவிலை, எங்கடை வேலியோடை, நல்ல இடம் கிடக்கு. வாற வெள்ளிக்கிழமை நிலத்திலை நட்டு ஒரு கொட்டில் போடுவம். அறை மடைப்பள்ளிக்கு உதவும். பூசையை நான் பாக்கிறன்."

அவருடைய வேலியோடு. ஆலுக்கு விழுதுவிட இடம் வேண்டும், விழுது இறங்கிய மண்ணெல்லாம் கோயில் மண், கோயிலுக்கு மனேச்சர் கனகசபாபதி. கதியாலை நகர்த்தினால் வழக்கு வரும். சாமியை நட்டால் எவன் வழக்குப் போடுவான்? எனக்குச் சீதனமாக வரவேண்டிய வளவு, அவருடைய சிரித்த வாய்க்குள் போகிறது.

"அம்மான், உந்த மரத்திலை கண்ணோ, இந்த மண்ணிலை கண்ணோ?"

"பாத்தியே, தங்கமுத்து? படிப்பிச்ச பலன்."

"அம்மா, வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். "எல்லாருக்கும் சொல்லிப்போட்டினமாம், பிள்ளை. பொங்கலுக்கு அரிசியும் வந்திட்டுது."

அந்த மாதம் எனக்கு நாள் முந்தி வந்தது. வெள்ளிக்கிழமை ரயில் இறங்கி வந்தபோது வெயில் இன்னும் தாழவில்லை. முன்வளவில் வேலியோரம் கிடங்கு வெட்டியிருந்தது. அது கிடங்கல்ல, என் வளவில் அம்மான் வைத்த வாய். பெண்கள் விறாந்தையில் நிறைந்திருந்தார்கள். நான் பத்திக்குப் போவேன் என்று வழிவிட்டார்கள். நான் நேரே அறைக்குள் போனேன்.

"ஐயோ, தங்கமுத்தக்கா! பிள்ளை துடக்கெல்லே? உள்ளுக்கை போறாள்!"

மரத்தைக் கிழமைக் கணக்காகக் கிட்டப் போய்ப் பார்க்க என்னை விடவில்லை. சிறுத்த இலைகளில் பாதி மஞ்சளாகி உதிர்ந்திருந்தன. கிள்ளாமல் விட்ட ஒரு தளிர் மட்டும் யன்னலை நோக்கி முழ நீளம் ஓடி, உள்ளங்கை அகல இலை விட்டிருந்தது. அதைத்தான் சாமி வளருது என்று சனம் கும்பிட்டது. சூலத்தைப் பிடுங்கி வாசலில் எறிந்தேன். அம்மானின் காலடியில் போய் விழுந்தது.

"எடியே! வெளியிலை வாடி! கண் அவியும் உனக்கு!"

"அவியட்டும். அதுக்கு முதல் எல்லாரும் இதைப் பாருங்கோ."

சட்டியோடு மரத்தை விறாந்தைக்குக் கொண்டுவந்து, எல்லாருக்கும் நடுவில் கவிழ்த்தேன். ஊரார் ஊற்றிய பால் மண்ணோடு புளித்து, வேர் கறுத்துக் கூழாகியிருந்தது. முன்னால் நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள்.

"மணக்குதே? சாமி பால் குடிக்குதெண்டு ஊத்தினியள். குடிச்சிருந்தால் ஏன் அழுகினது?"

கத்தியை எடுத்து அழுகிய வேர்களை வெட்டத் தொடங்கினேன். ஒருத்தி அழுதாள். இன்னொருத்தி, "துடக்குப் பட்டிட்டுது. இனி அதிலை சாமி நில்லாது" என்றாள்.

"நில்லாதோ? அப்ப கேளுங்கோ. அம்மான் கோட்டுக்குப் போன அண்டு விடிய, உந்த யன்னலுக்கு வெளியிலை நிண்டு கும்பிடேக்கை, இந்த மரம் என்ரை கையிலை இருந்தது. அண்டைக்கும் எனக்குத் துடக்கு. சட்டியிலை வைச்ச நாள் தொட்டு நான் இதைத் துடக்கோடைதான் கிள்ளினனான், துடக்கோடைதான் வெட்டினனான். அப்ப நிண்ட சாமி இப்ப ஏன் ஓடவேணும்?"

"பொய்!" அம்மானின் குரல் கீச்சிட்டது. "கோயில் வரக்கூடாதெண்டு பொய் சொல்லுறாள்! தங்கமுத்து, தாய் நீதானே, உனக்குத் தெரியும்தானே? பொய்யெண்டு சொல்லு!"

எல்லாரும் அம்மாவின் பக்கம் திரும்பினார்கள். அம்மாவின் கையில் விபூதித் தட்டம் இருந்தது. என் நாட்களை அறிந்த ஒரே ஆள் அவர். ஒரு சொல் போதும், எனக்கு அறையும் இல்லை, வளவும் இல்லை. அந்தச் சொல்லை அவர் சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். கத்தியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அதற்கு முன்னமே அவர்மேல் கோபப்படத் தொடங்கிவிட்டேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. வந்திருந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ரயிலுக்குப் போகிறவர்களை வழியனுப்புகிறவர் பார்ப்பதுபோல.

"ஓம்" என்றார். "அண்டைக்குப் பிள்ளைக்குத் துடக்குத்தான். அவளின்ரை கோப்பித்தண்ணியை அறை வாசல்லை வைச்சுப்போட்டுத்தான் நான் அண்ணையோடை கதைக்க வந்தனான்."

கமலாவதிதான் முதலில் வாய் திறந்தா.

"அப்ப கனகசபாபதி அண்ணை, எங்கடை வேலியைப் பறிச்சு உங்களுக்குத் தந்தது துடக்கே?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அப்பீலுக்கு வரேக்கை பிரக்கிராசியை விட்டிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ! நாளைப் பாத்து!"

பிறகு அடக்க முடியாத சிரிப்பு. அழுதவளும் சிரித்தாள். சாமி இருக்கிறதென்று அம்மான் சொன்னால் அது துடக்குச் சாமி, இல்லையென்றால் கோயில் இல்லை. இரண்டுக்கும் நடுவில் கதியால் போல நின்றார். சால்வையை உதறித் தோளில் போட்டார். "தாயும் மேளும் நாசமாய்ப் போங்கோ" என்றுவிட்டு வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால் தன் வளவுக்குப் போய்விட்டார்.

சிரித்து முடித்த பெண்கள் அம்மாவுக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் படலையைத் தாண்டினார்கள். போகிற வழியில் ஒருத்தி, தான் கொண்டுவந்த அரிசியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

கட்டிலை நானே இழுத்து அறைக்குள் போட்டேன். கிடங்கை மூடினேன். மரத்தைப் புதிய ஓட்டுக்குறுணியில் வைத்து, ஓடிய தளிரைத் தறித்து, மிஞ்சிய இலைகளையும் கிள்ளிவிட்டேன். இருக்கிற கொஞ்ச வேர் அவ்வளவு இலையைத் தாங்காது. இப்போது அது யன்னற்படியில் மொட்டையாக நிற்கிறது. நகத்தால் சுரண்டிப் பார்த்தால் பட்டைக்குக் கீழே பச்சை கொஞ்சம் இருக்கிறது. அவ்வளவுதான் சொல்லலாம்.

அறை கிடைத்துவிட்டது. வளவு கிடைத்துவிட்டது. ஆத்திரம் மட்டும் போகவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை நான் வந்தபோது அம்மா முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்துவிட்டுப் படலைப் பக்கம் பார்த்துக்கொண்டு விறாந்தையில் இருந்தார். பெரிய கேத்தல் அடுப்பில் இருந்தது. ஒழுங்கையால் போன இரண்டு பெண்கள் மற்றப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அவர்களைக் கூப்பிட்டு நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு வார்த்தை கேட்கப் படலை வரைக்கும் போனேன். அம்மா கூப்பிட்டுவிட்டார்.

"உந்த மரம் துளிர்க்குமோ, பிள்ளை?"

"தெரியாது."

"துளிர்த்தால் சனம் திரும்பவும் வருமோ?"

"வந்தால் படலையிலையே மறிப்பன்!"

"மறி, மறி." அம்மா சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "மறிக்க முதல் இருத்தி ஒரு வாய் தேத்தண்ணி குடுத்துப்போட்டு மறி."